படிக்காத புத்தகங்களுக்கு இருப்புக் கணக்கு: விஜயதசமி தொடங்கி ஒரு வருஷத் திட்டம்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். குடோனில் துவரம்பருப்பு எத்தனை மூட்டை, வத்தல் எத்தனை மூட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். வீட்டில் படிக்காத புத்தகம் எத்தனை கிடக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், தூசி தட்டுவதற்காக இரண்டு அலமாரியையும் பரணில் இருந்த மூன்று அட்டைப்பெட்டியையும் கூடத்தில் இறக்கியிருந்தேன். காபி கொண்டுவந்த மனைவி கால் வைக்க இடமில்லாமல் நிலைப்படியிலேயே நின்று, "ஏங்க, இதுல படிச்சதுன்னு எத்தனை தேறும்?" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 187. அதில் படிக்காதது 112. மூன்று புத்தகம் இரண்டிரண்டு பிரதி இருந்தது. வாங்கியது மறந்து மறுபடி வாங்கியிருக்கிறேன். ஒன்றைத் திறந்தால் தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் போட்ட ரசீது, மடிப்புகூடக் கலையாமல், 2014 தேதியோடு உட்கார்ந்திருந்தது.

அதற்கு முன்பும் ஜனவரி பிறந்தால் "இந்த வருஷம் 50 புத்தகம்" என்று டைரியில் எழுதியவன்தான் நான். பொங்கல் முடிவதற்குள் மறந்துபோகும். அந்த 50 எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எவரோ எங்கோ சொன்ன எண். எந்தக் கடை முதலாளியும் இருப்பைப் பார்க்காமல் விற்பனைக்கு இலக்கு வைக்கமாட்டார். நான் வைத்துக்கொண்டிருந்தேன். அதோடு, வரவு எழுதத் தெரிந்த எனக்குச் செலவு எழுதத் தோன்றவில்லை. வருஷத்துக்குச் சுமார் 20 புத்தகம் உள்ளே வருகிறது, 12 படிக்கிறேன் என்றால் மீதி 8 எங்கே போகும்? பரணுக்குத்தான்.

அந்த வருஷத்திலிருந்து செய்துவரும் முறையை அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், கூட்டல் கழித்தல் போதும்.

இருப்பு எடுப்பது

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாளைவிட இதற்கு நல்ல நாள் கிடையாது. எப்படியும் புத்தகத்தை இறக்கித் துடைக்கப் போகிறோம். மறுநாள் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டால் அன்று படிக்கக் கூடாது என்பது வழக்கம். அதற்கு மறுநாள் விஜயதசமி, எடுத்துப் படித்தே ஆகவேண்டிய நாள். ஆகவே என் வாசிப்பு வருஷம் விஜயதசமியில் தொடங்கி அடுத்த விஜயதசமியில் முடிகிறது. ஜனவரியில் தொடங்குவதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: அது சென்னைப் புத்தகக் கண்காட்சி மாதம். புதுப் புத்தகங்கள் எல்லாம் அப்போதுதான் வெளியாகும், போனைத் திறந்தாலே அட்டைப்படம். பழைய சரக்கைத் தீர்க்கத் தொடங்குவதற்கு அது உகந்த நேரம் இல்லை.

ஒரு நீளக் கணக்கு நோட்டு எடுங்கள். புத்தகத்தின் பெயர், பக்கம், வாங்கிய வருஷம், எதற்காக வாங்கினோம். இந்த நாலாவது பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "நண்பர் சொன்னார்", "10% கழிவு", "அட்டை நன்றாக இருந்தது", "அப்பாவின் ஊரைப் பற்றியது" என்று உண்மையை எழுதுங்கள். பின்னால் எதைக் கழிப்பது என்று முடிவுசெய்யும்போது இந்தப் பத்திதான் பேசும். என் 112இல் 31 புத்தகத்துக்கு எதிரே கேள்விக்குறிதான் போட முடிந்தது.

நூறு புத்தகத்துக்கு மேல் இருந்தால் ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளியாய் மின்னிக்கொண்டு ஓடும் ராமபாணப் பூச்சி தென்பட்டால் அந்தப் பெட்டியைத் தனியே வெயிலில் வையுங்கள், ஆனால் நேர் வெயிலில் நாள் முழுக்க விட்டால் பசை விட்டு முதுகு பிரிந்துவிடும். கரையான் அரித்தது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, வெளியே போட வேண்டியதுதான்.

ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது பக்க எண்ணையும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். என்னிடம் ஒரு நாவலில் 176ஆம் பக்கம் முடிந்ததும் மறுபடி 161 வருகிறது. 177 முதல் 192 வரை அடியோடு இல்லை. தைக்கும்போது ஒரு பாரத்துக்கு (ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டு) பதில் இன்னொன்றை இரண்டு தடவை சேர்த்துவிட்டார்கள். வாங்கிய வாரமே பார்த்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். நான் பார்த்தது நாலு வருஷம் கழித்து. எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

நான்கு குவியல்

இருப்பு எழுதியாயிற்றா? இனி தரையிலேயே நான்காகப் பிரியுங்கள். இந்த வருஷம் படிப்பது, பிறகு படிப்பது, தேவைப்படும்போது புரட்டுவது, வீட்டை விட்டுப் போவது.

மூன்றாவது குவியல்தான் பலருக்குத் தெரியாமல் பாரமாக உட்கார்ந்திருக்கும். அகராதி, கல்வெட்டுத் தொகுதி, சங்க நூல்களின் உரைப் பதிப்பு, சமையல் குறிப்பு, தலவரலாறு, இவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கிறவர் அபூர்வம். அவற்றைப் "படிக்காதது" என்ற கணக்கில் வைத்துக்கொண்டு வருந்த வேண்டியதில்லை. நோட்டில் அவற்றுக்குத் தனிப் பக்கம் போட்டு, இலக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். கவிதையையும் அப்படியே விலக்கிவிடலாம். 96 பக்கக் கவிதைத் தொகுப்பை ஒரே மூச்சில் முடித்து ஒரு டிக் போட்டுக்கொள்வது கல்யாணப் பந்தியில் இலையை மூடிவிட்டு ஓடுவது மாதிரி.

நாலாவது குவியலுக்கு வருவோம். கடையில் தேங்கின சரக்கைப் பார்த்து முதலாளி ஒரு கேள்வி கேட்பார்: "இதே சரக்கை இன்னைக்கு விலை கொடுத்து எடுப்போமா?" மாட்டோம் என்றால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான், எடுத்த விலையைப் பேசிப் பயனில்லை. புத்தகத்துக்கும் அதே கேள்விதான். சந்தேகமாக இருந்தால் நின்றபடியே முதல் பத்துப் பக்கம் படியுங்கள். உட்கார்ந்து படித்தால் இரக்கம் வந்துவிடும்.

எனக்கு இப்படி 22 புத்தகம் கழிந்தது. இரட்டைப் பிரதிகள் மூன்றும் சேர்த்து 25. போட்டித்தேர்வுக்கு வாங்கியவை, ஒரு காலத்தில் அடுக்கடுக்காக வாங்கிய தன்முன்னேற்ற நூல்கள், ஒரு பதிப்பாளர் மூட்டை கட்டிப் பாதி விலைக்குக் கொடுத்தவை.

எங்கே கொடுப்பது? எடைக்குப் போட மனசு வராது, சரி. உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். கேட்காமல் மூட்டையை வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள், நம் பரணை அவர்கள் தலையில் ஏற்றுவது ஆகிவிடும். புத்தகத் திருவிழாக்களில் சிறைவாசிகளுக்காகப் புத்தகம் சேகரிப்பதுண்டு, மதுரை மத்திய சிறை நூலகத்துக்கும் பொதுமக்கள் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதி எழுதினார். மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. அந்த வாசகர் நாம்தான் என்று பத்து வருஷமாகப் பிடிவாதமாக இருந்திருக்கிறோம்.

ஒரு நாளைக்கு ஒரு பாரம்

புத்தக எண்ணிக்கையை மட்டும் வைத்து இலக்குப் போட்டால் ஒரு கோளாறு வரும். நவம்பரில் பின்தங்கினால் கை தானாகவே மெல்லிய புத்தகத்தைத் தேடும். குட்ரீட்ஸ் செயலியில் வருஷ சவால் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இது பழகின விஷயம். அங்கே 80 பக்கமும் ஒன்றுதான், 800 பக்கமும் ஒன்றுதான். பரணில் கனமானவை மட்டும் மிஞ்சும்.

பக்கமாக எண்ணுவது மேல். அதற்கு ஓர் அளவு சொல்லிக்கொடுத்தது சிவகாசியில் அச்சகத்தில் இருக்கும் என் மச்சினன். "மச்சான், நாங்க புத்தகத்தப் பாரத்துலதான் எண்ணுவோம்" என்றான். டெமி அளவுப் புத்தகத்துக்கு ஒரு பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும். அதுதான் ஒரு பாரம். பத்துப் பாரம் என்றால் 160 பக்கம். என் நாவலில் காணாமல் போனதும் சரியாக ஒரு பாரம்தான், எண்ணிப் பாருங்கள்.

16 பக்கம் ஒரு நாள் வாசிப்புக்கு நல்ல அளவு. அலுப்பாகவும் இல்லை, அற்பமாகவும் இல்லை. ஆனால் உங்கள் வேகத்தை முதலில் அளந்துவிடுங்கள். போனில் 15 நிமிஷம் மணி வைத்து மூன்று வகைப் புத்தகத்தில் படித்துப் பார்த்தேன். நாவலில் 11 பக்கம், கட்டுரையில் 7, அடிக்குறிப்போடு கூடிய வரலாற்று ஆராய்ச்சியில் 3. அப்படியானால் நாவலில் ஒரு பாரத்துக்கு 22 நிமிஷம் ஆகிறது. ஆராய்ச்சி நூலில் அதே பாரத்துக்கு 80 நிமிஷம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்தால் ஆராய்ச்சி நூல் எந்தக் காலத்திலும் முடியாது. கனமான நூலுக்கு ஒரு நாளைக்கு 4 பக்கம் என்று தனியாக வைத்தேன். அந்த நாலு பக்கத்தை ஒரு பாரமாகவே வரவு வைத்துக்கொள்கிறேன். நேரம் ஒன்றுதானே?

வருஷத்தில் எத்தனை நாள்?

365 என்று எழுதினால் அங்கேயே தோல்வி தொடங்கிவிட்டது. படிக்க முடியாத நாட்களை முதலில் கழியுங்கள். என்னுடையது இப்படி வந்தது: மார்ச் மாதக் கணக்கு முடிப்பு 20 நாள். சித்திரைத் திருவிழா 15 நாள். திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று வீடு நிறைய விருந்தாளி, கூடத்தில் பாய் விரித்தால் புத்தக அலமாரிக்கே போக வழியிருக்காது. தீபாவளிச் சரக்கு ஓடும் 25 நாள், அப்போது வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டிலேயே தூங்கி விழுவேன். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு 20. காய்ச்சல், சோம்பல், காரணமே இல்லாதவை 15. கூட்டினால் 95. மீதி 270.

270 நாள், நாளுக்கு 16 பக்கம் என்றால் 4,320 பக்கம்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கும். ஆசிரியர் என்றால் மே மாதம் கையில் கிடைக்கும், விவசாயம் பார்ப்பவருக்கு நடவும் அறுப்பும் போய்விடும். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியது: ஆடியும் மார்கழியும் பொன்னான மாதங்கள். முகூர்த்தம் கிடையாது, மொய்க் கவர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை நம் கையில் இருக்கும். கனமான புத்தகங்களை இந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்குங்கள். மார்கழி விடியற்காலையில் தெருவில் பாட்டுப் போட்டு எழுப்பிவிடுகிறார்கள், எழுந்தது எழுந்தாயிற்று, நாலு பக்கம் படிக்கலாம்.

எண்ணை எழுதுவது

கழித்தது போக என்னிடம் 87 இருந்தன. சராசரியாக 235 பக்கம் வைத்தால் 20,445 பக்கம். வருஷத்துக்கு 4,320 படித்தால், ஒரு புத்தகம்கூட வாங்காமல் இருந்தாலும், நாலே முக்கால் வருஷம் ஆகும். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

4,320ஐ 235ஆல் வகுத்தால் 18 வரும். அதையே இலக்காக எழுதினேன். அது தப்பு. என்ன செய்தாலும் புதுப் புத்தகம் சில வரும், நண்பர் கொடுத்தது வரும், தீபாவளி மலர் வரும் (அந்தக் கனத்துக்கு அதையும் ஒரு புத்தகமாக எழுத வேண்டும்). ஆகவே வரும் எண்ணில் கால்பங்கைப் புதிதாக வருபவற்றுக்கு விட்டுவிட்டு, முக்கால்பங்கை மட்டும் பழைய இருப்புக்கு எழுதுங்கள். 18 வந்தால் 13 அல்லது 14. குறைவாகத் தெரியும். தெரியட்டும்.

பெரிய நூல்களைப் பாகமாகப் பிரித்து எழுதுங்கள். பொன்னியின் செல்வன் தொகுதியை ஒரே வரியில் எழுதி வைத்து அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். அது ஐந்து பாகம், ஐந்து வரி. அது கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர்கதை. அன்றைக்கு அதைக் கொண்டாடிப் படித்தவர்கள் எவரும் ஒரு மாதத்தில் முடிக்கவில்லை, மூன்றரை வருஷம் காத்திருந்து படித்தார்கள். நீங்கள் எட்டு மாதம் எடுத்துக்கொண்டால் குடி மூழ்கிவிடாது.

எதை முதலில் எடுப்பது?

கடையில் விதி எளிது. முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும், இல்லாவிட்டால் வண்டு விழும். புத்தகத்தில் அதை அப்படியே பின்பற்றிப் பார்த்து ஆறு வாரம் வீணாக்கினேன். வாங்கிய வருஷ வரிசைப்படி முதலில் எடுத்தது 600 பக்க வரலாற்று நூல். முப்பது பக்கத்தில் நின்றது. அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று வீம்பு. விளைவு, அதையும் படிக்கவில்லை, வேறு எதையும் படிக்கவில்லை. கீழமாசி வீதியில் ஒரு லாரி பழுதாகி நின்றால் விளக்குத்தூண் வரை என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மூன்று புத்தகம் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஒன்று பைக்குள் போகும், சிறியது, சிறுகதை அல்லது கட்டுரை. திருநகரில் காலையில் பஸ் ஏறினால் எனக்கு ஜன்னலோரம் கிடைத்துவிடும். திருப்பரங்குன்றம் கழிந்து பசுமலை வருவதற்குள் நாலைந்து பக்கம், பழங்காநத்தத்துக்கு மேல் நெரிசல், மூடி வைத்துவிடுவேன். இன்னொன்று ராத்திரிப் புத்தகம், நாவல், கட்டில் பக்கத்தில். மூன்றாவது கனமானது, அதற்கு மேசை, பென்சில், ஞாயிற்றுக்கிழமை. இடத்துக்கு ஒன்றாக வைத்தால் ஒன்று மற்றொன்றின் நேரத்தைத் தின்பதில்லை.

பத்து நாள் தொடாமல் கிடந்தால் அந்தப் புத்தகத்தை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுகிறேன். இறக்கியதை நோட்டில் "நிறுத்தம், பக்கம் 30" என்று எழுதிவிடுவேன். மூன்று மாதம் கழித்து ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் கை போகவில்லை என்றால் வாராக்கடன். எழுதித் தள்ளிவிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை, எல்லாக் கடையிலும் உண்டு.

வரவைக் கட்டுவது

மற்றதெல்லாம் சுலபம், இதுதான் கடினம்.

மதுரைப் புத்தகத் திருவிழா முன்பெல்லாம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அண்மைய வருஷங்களில் செப்டம்பர், அக்டோபர் பக்கம் நகர்ந்திருக்கிறது. நம் கணக்கில் அது வருஷக் கடைசி. பழைய இருப்பு எவ்வளவு தீர்ந்தது என்று தெரிந்துகொண்டு தமுக்கத்துக்குள் நுழைவது நல்ல ஏற்பாடுதான். நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பிரதி வாங்குவது அன்றோடு நின்றுவிடும்.

நான் வைத்திருக்கும் விதி: இருப்பிலிருந்து மூன்று போனால் ஒன்று வரலாம். படித்து முடித்ததும் கழித்ததும் நிறுத்தியதும் எல்லாம் "போனது"தான், ஆனால் முதல் இருப்பெடுப்பில் கழித்தவை இதில் சேராது. சேர்த்தால் என் கணக்கில் எட்டு புத்தகம் முதல் நாளே வாங்கியிருப்பேன். திருவிழாவுக்கு இரண்டு தடவை போகிறேன். முதல் நாள் வெறும் கை, பேனாவும் தாளும் மட்டும். பிடித்ததைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவது. ஐந்து நாள் கழித்து, குறித்ததில் இன்னும் ஞாபகம் இருப்பதை மட்டும் வாங்க இரண்டாம் தடவை. பணம் கவரில், ரொக்கமாக. போனில் ஸ்கேன் செய்து கட்டினால் எவ்வளவு போனது என்று கைக்குத் தெரியாது.

"இப்போது வாங்காவிட்டால் கிடைக்காது" என்ற பயத்தில் வாங்கியதுதான் என் பரணில் பாதி. சில நூல்களுக்கு அது உண்மை. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ பழைய புத்தகக் கடையிலோ மறுபதிப்பே வராத ஒன்று கண்ணில் பட்டால் விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள், நானும் தளர்த்துவேன். ஆனால் புதுப் புத்தகங்களில் பல இப்போது தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அச்சாகின்றன, அடுத்த வருஷமும் கிடைக்கும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய இலக்கியம் வேண்டுமென்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பு இருக்கிறது, நம் ஊர்ப் பெயரிலேயே. ஒரு எச்சரிக்கை: இறக்கி வைத்த பிடிஎஃப்களை இருப்பில் எழுதாதீர்கள். எழுதினால் நோட்டு போதாது, ஆயுளும் போதாது.

வாங்குவதற்கு முன் நூலகத்தில் பாருங்கள் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், வரியில் பத்துச் சதவீதம். கொடுத்த காசுக்குப் போய்ப் பார்ப்போமே. சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் 3 லட்சத்துக்கும் மேல் நூல்கள். வாங்கத் துடிக்கும் புத்தகத்தை அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்துவிட்டு வந்தால், பாதித் தடவை அந்தத் துடிப்பு பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் அடங்கிவிடுகிறது.

நடுவில் பார்ப்பது

மாதாமாதம் கூட்டிப் பார்க்காதீர்கள், படிப்பதைவிடக் கணக்கு பெரிதாகிவிடும். பொங்கலுக்கு ஒரு தடவை, சித்திரைத் திருவிழா முடிந்து ஒரு தடவை, ஆடி பிறக்கும்போது ஒரு தடவை. பின்தங்கியிருந்தால் எண்ணைக் குறைத்து எழுதுங்கள். "ஆடியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடலாம்" என்று எழுதுகிறவர் எழுதத்தான் செய்வார்.

கடன் கொடுத்த புத்தகங்களுக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு இடம் விடுங்கள். யாருக்கு, என்றைக்கு. வாங்கிப் போனவர் திருப்பித் தருவார் என்ற உத்தரவாதம் இதில் இல்லை, ஆனால் அலமாரியில் அரை மணி நேரம் தேடுவது மிச்சம்.

என் முதல் வருஷக் கணக்கு: தொடக்க இருப்பு 87. படித்து முடித்தது 14, நிறுத்தி எழுதித் தள்ளியது 6. அதற்கு 6 வாங்க உரிமை இருந்தது, 8 வாங்கினேன். அந்த இரண்டும் திலகர் திடல் சந்தைக் கணக்கு. வாங்கியதில் 3 படித்தேன். வருஷ முடிவு இருப்பு 72. எழுதி வைத்த 18ஐ எட்டவில்லை, எட்டியிருக்கவும் முடியாது என்பதை மேலேயே சொன்னேன்.

இரண்டாம் வருஷ இருப்பெடுப்பின்போது ஒன்பது புத்தகத்தின் பக்கங்களில் மடித்த காது இருந்தது. நான் பக்கத்தை மடிக்கமாட்டேன், ரசீதைத்தான் வைப்பேன். விசாரித்தால் மனைவி. மத்தியானம் பவர் கட் ஆன நேரங்களில் எடுத்துப் படித்திருக்கிறாள், இலக்கு நோட்டு எதுவும் இல்லாமல். "இந்த ஒம்பதையும் உங்க கணக்குல சேத்துக்குவீங்களா?" என்றாள். ஒரே வீடு, ஒரே இருப்பு, சேர்த்துக்கொள்ளலாமா என்று கொஞ்சம் சபலம் தட்டியது. பிறகு நோட்டில் அவளுக்கு ஒரு தனிப் பத்தி கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன்.